ஒதுக்கப்பட்டோரின் தொழிலுக்கு நிலையான வாடிக்கையாளராவது எப்படி: குமரி மாவட்டத்துக்கு ஒரு கையேடு

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்தைக் கறுப்பினத்தவரின் வணிக மாதமாகக் கொண்டாடும் வழக்கம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கியது. கடையின் உரிமையாளர் கறுப்பினத்தவர் என்பதை முகப்பிலேயே பெருமையுடன் எழுதி வைப்பதும், அதைப் பார்த்தே மக்கள் தேடி வந்து வாங்குவதும் அங்கே நடக்கின்றன. அதே பலகையைத் தக்கலையிலோ கருங்கலிலோ ஓர் உணவகத்தின் முன் தொங்கவிட முடியுமா என்று எண்ணிப் பார்த்தால், நம் ஊருக்கான கையேடு ஏன் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். பட்டியலினத்தைச் சேர்ந்த ஒருவர் தம் பிறப்பைக் கடை முகப்பில் எழுதி வைத்தால், பல தெருக்களில் அன்று மாலையே தட்டில் வடை மிஞ்சிவிடும். அங்கே தோலின் நிறத்தை மறைக்க வழியில்லை. ஆகவே அதையே கொடியாக உயர்த்திப் பிடித்தார்கள். இங்கே பிறப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாதவரை வியாபாரம் நடக்கிறது, தெரிந்த பின் தேய்கிறது. எனவே ஆதரிக்க விரும்புகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கடைக்காரருக்குக் கேடு வராமல் அவருடைய கடையை வளர்ப்பது எப்படி என்பதைத்தான்.

இக்கையேட்டில் ‘ஒதுக்கப்பட்டோர்’ என்று நான் குறிப்பது, இம்மாவட்டத்தில் தொழில் செய்யும் பட்டியலினத்தவரையும், பேச்சிப்பாறை, பத்துகாணி போன்ற மலைப் பகுதிகளில் வாழும் பழங்குடியினரான காணிக்காரர்களையும், கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கூடையுடன் புறப்படும் பெண்களையும் ஆகும். மீனவர்கள் அரசுப் பட்டியலில் பட்டியலினத்தவர் அல்லர் என்று சிலர் திருத்த வரலாம். பட்டியல் வேறு, நடப்பு வேறு. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று ஆற்றாமையுடன் நியாயம் கேட்ட காணொளி மாநிலம் முழுவதும் பரவி, பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த மூதாட்டி ஒரு வணிகர் என்பதை, அன்று இரக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஐயமே.

பழைய கணக்கு ஒன்று

கடை என்பது வெறும் பிழைப்பு அன்று என்பதற்கு 1921-ஆம் ஆண்டைச் சான்றாகக் காட்டலாம். அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில், அமெரிக்காவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்னும் கறுப்பினத்தவர் பகுதி வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டது. திரையரங்கு, விடுதி, மருத்துவமனை, மளிகைக் கடைகள் என்று செழித்திருந்த ஏறத்தாழ 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. கலவரத்தால் நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. அதே 1921-இல்தான் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று அறியப்படுவது அதுவே. விருதுநகர், சிவகாசி வட்டாரத்து வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கி வைத்துப் பள்ளிகளும் பொதுக் காரியங்களும் நடத்திப் பழகியதன் தொடர்ச்சியாக அந்த வங்கியைக் காணலாம்.

என் பாட்டனார் இரணியல் பக்கம் பனை ஏறிய நாடார். அவருடைய முன்னோரின் பெண்கள் தோளை மறைத்து உடுத்துவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வந்த பிறகே அந்த உரிமையைப் பெற்றார்கள். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பனையேறிகளின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் இன்று நாகர்கோவிலில் மாடிக் கடைகள் வைத்திருக்கிறோம். மாவட்டத்தின் வணிகத்தில் எங்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் ஏணியில் கால் வைக்கிறவர்களிடம் நாங்கள் பொருள் வாங்குகிறோமா என்ற கேள்விக்கு விடை சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இக்கையேட்டை முதலில் எனக்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

இம்மாவட்டத்திலேயே இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், நாகர்கோவிலில் இருந்த லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்னும் பெண்மணி, தம் விடுதிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுவதுமாக ஒழிக்கப்பட்ட 1855-ஆம் ஆண்டுக்கு முன்பே இது நடந்தது. அவர்களுக்குக் கிடைத்தது பிச்சையாக இருந்திருந்தால் அது ஒரு வேளைச் சோற்றோடு தீர்ந்திருக்கும். லேஸை வாங்க ஆள் இருந்ததால்தான் அது விடுதலைப் பத்திரமாக மாறியது.

உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள்

முதல் வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு மாதத்துக்கு வீட்டுச் செலவு முழுவதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பால், மீன், காய்கறி, பலசரக்கு, பலகாரம், தையல், தேங்காய் வெட்டு, மின்வேலை, பந்தல், விசேஷச் சமையல் எல்லாவற்றையும் விடாமல் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பணம் யார் கைக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அதைப் பார்க்கும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒரே வகையான கோடு தெரியவரும். தென்னை ஏறவும், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யவும், கூடையும் முறமும் வாங்கவும் எல்லாச் சாதியாரும் நம் வீட்டு முற்றத்துக்கு வந்திருப்பார்கள். பால், சமையல், பலகாரம், சாமிக்குப் பூ என்று வாய்க்கும் வழிபாட்டுக்கும் போகிற பொருள்களில் மட்டும் அந்தக் கைகள் காணாமல் போயிருக்கும்.

ஆகவே எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முறம் வாங்குவது எளிது. முறுக்கு வாங்குவதுதான் சோதனை. காலங்காலமாக ‘அவர்கள் தொழில்’ என்று விடப்பட்ட பொருளை வாங்குவதால் தவறொன்றும் இல்லை, அதையும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பழைய வேலிக்குள்ளேயே நாம் நல்லவர்களாக நடந்துகொள்கிறோம் என்றுதான் பொருள். பட்டியலினத்தவர் தொடங்கியிருக்கும் உணவுத் தொழில், பால் பண்ணை, அழகு நிலையம், கணினி மையம், துணிக்கடை, கட்டுமான ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் கிடைப்பதில்தான் உண்மையான தடை இருக்கிறது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ண மறுத்த செய்தியை நாம் படித்தோம். பிள்ளைகள் அதை வீட்டில்தான் கற்றிருக்க வேண்டும்.

சாமிதோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) முத்திரிக் கிணற்றை வெட்டி எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தவும், ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வைத்தது இதே மண்ணில்தான். தண்ணீரிலும் சோற்றிலும்தான் தீட்டு ஒளிந்திருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு விழாவுக்குச் சுக்குக்காப்பியும் முந்திரிக்கொத்தும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் பலகாரத் தொழில் தொடங்கியிருந்த ஒரு பெண்ணின் பெயரைக் கூட்டத்தில் சொன்னேன். ஒருவரும் சாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. “ருசி எப்படி இருக்குமோ” என்றார் ஒருவர். “நூறு பேருக்குச் செய்து பழக்கம் இருக்குமா அண்ணாச்சி” என்றார் இன்னொருவர். “வழக்கமாகக் கொடுக்கிறவர் மனம் வருந்துவாரே” என்றார் மூன்றாமவர். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றும் அதற்கு முந்தைய ஆண்டு வேறொருவரை அமர்த்தியபோது எழாத கேள்விகள். இத்தகைய கூட்டங்களில் வாதிட்டு வெல்ல முடியாது என்பது என் அனுபவம். மறு கூட்டத்துக்கு நான் ஒரு கிலோ முந்திரிக்கொத்தை வாங்கிக்கொண்டு போய், யார் செய்தது என்று சொல்லாமல் மேசையில் வைத்தேன். தட்டு காலியான பிறகு சொன்னேன். இது சரியான செயலா என்று பின்னால் யோசித்தேன். ஒளித்து ஊட்டியது போல ஆகிவிட்டதே என்று அந்தப் பெண்ணே வருந்தியிருக்கக்கூடும். இன்று செய்வதானால் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டுவேன்.

சாதியைக் கேட்காமல் கண்டறியும் வழி

நம் பக்கம் புதிய கடை திறந்தால் முதலில் எழும் கேள்வி “ஆளு யாரு?” என்பதுதான். நல்ல எண்ணத்துடன் அதே கேள்வியைக் கேட்டாலும், கேட்கப்படுகிறவருக்கு அது பழைய கேள்வியாகவே ஒலிக்கும். ஆகவே யாரிடமும் சாதியைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்தப் பொருளை யார் செய்தார், எங்கே செய்தார், நான் கொடுக்கும் பணத்தில் செய்தவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பவையே அவை. இவற்றைக் கேட்கத் தொடங்கினால் ஒதுக்கப்பட்டோரின் தொழில்கள் தாமாகவே கண்ணில் படும். வடசேரி கனகமூலம் சந்தை, திங்கள்சந்தை, கருங்கல், மார்த்தாண்டம் ஆகிய சந்தைகளில் தரையில் சாக்கு விரித்து விற்பவர்களிடம் வாரம் ஒருமுறை பேசிப் பழகினாலே, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனை நிலையங்களும், ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமாகிய தாட்கோவின் கடனுதவியில் தொழில் தொடங்கியவர்கள் பங்கேற்கும் கண்காட்சிகளும் இன்னொரு வழி.

மலைப் பொருள்களில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். காணிக்காரர்கள் நல்லமிளகு, பாக்கு, மரச்சீனி, வாழை, மலைத்தேன் முதலியவற்றைக் கீழே கொண்டுவருகிறார்கள். ஆனால் நகரத்துக் கடையில் ‘மலைத்தேன்’ என்ற பெயருடன் நிற்கும் புட்டி அவர்களுடைய கையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தால் விலையை அவரே தீர்மானிப்பார். சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு உறுதி செய்திருக்கிறது. தேனும் மூங்கிலும் அதில் அடங்கும். எனவே குலசேகரம் பக்கம் போகும்போது காணிக் குடியிருப்புகளின் மகளிர் குழுக்களிடமிருந்து நேரடியாக வாங்குவதே சிறந்தது. மார்த்தாண்டம் தேன் வேறு. அது பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்களிடமிருந்து கிடைப்பது, 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியில் அந்தத் தொழில் வேர் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை பேசுவது இருவருக்கும் அநியாயம்.

காணிகளிடமிருந்து வாங்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987-இல் காணி இளைஞர்கள், தங்களுடன் மலையேறிய ஆய்வாளர்களுக்குக் களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைக் காட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995-இல் அதன் உற்பத்தி உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் கோயம்புத்தூரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அவர்களுக்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கும் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடு என்று உலகெங்கும் அது பேசப்பட்டது. நம் பக்கத்து மலையில் ஒரு முதியவர் எந்த வேர் எதற்கு ஆகும் என்று நமக்குச் சொல்லித் தருவாரானால், அந்தச் சொல்லுக்கும் விலை உண்டு. அவர் சொன்னதைப் படம் பிடித்து நம் பெயரில் பரப்புவதை ஆதரவு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

விலையும் பணமும்

பேரம் பேசாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வது எளிது. எங்கே பேசக்கூடாது என்பதைத்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். குளிரூட்டிய பேரங்காடியில் அச்சிட்ட விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். வாசலில் கூடையை இறக்கி, “மக்களே, நல்ல சாளை, இப்பதான் கரை ஏறினது” என்று சொல்லும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அவர் விடியலில் ஏலத்தில் எடுத்த மீன் மாலைக்குள் விற்றாக வேண்டும், ஐஸ் வாங்கியிருக்கிறார், ஆட்டோவுக்கோ பேருந்துக்கோ கொடுத்திருக்கிறார், பலர் தினவட்டிக்கு வாங்கிய பணத்தில் ஏலம் எடுத்திருப்பார்கள். நேரம் ஏற ஏற அவருக்குப் பேரம் பேசும் வலு குறைகிறது என்பதை அறிந்தே நாம் பத்து மணிக்கு மேல் விலையை இறக்குகிறோம். மீன் நன்றாக இல்லையென்றால் வாங்காமல் விடுங்கள்; நன்றாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுங்கள். வாரத்தில் இன்ன நாட்களில் எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் அதற்கேற்ப ஏலம் எடுப்பார், நட்டமும் குறையும். குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போது வீட்டார் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள்.

கூடையோடு தெருத்தெருவாக நடப்பது வேண்டாம், ஓரிடத்தில் உட்கார்ந்து விற்கலாம் என்று விரும்பும் பெண்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் துணை நிற்கிறது. அதன்படி நகர விற்பனைக் குழு ஆய்வு செய்து வியாபாரிகளுக்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். குழு உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேட்பது மீன் வாங்குவதைவிடக் கூடுதல் பயன் தரும்.

கடன் சொல்லாமல் பணம் கொடுப்பது எல்லா ஆதரவிலும் பெரியது. சிறிய பலகாரத் தொழில் நலிவதற்கு விற்பனைக் குறைவு மட்டும் காரணமாக இருப்பதில்லை. விற்ற பொருளுக்குப் பணம் வராததும் காரணம். கல்யாண வீட்டார், கோயில் கமிட்டி, சபைக் கமிட்டி, கல்லூரி விடுதி என்று பெரிய அளவில் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் இழுத்தடிக்கிறார்கள். சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பொருள் வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தொழிலை, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ இணையத் தளத்தில் பதிவு செய்திருந்தால் இச்சட்டத்தின் துணையை நாடலாம். ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் ஒருவரும் காட்டுவதில்லை. ஆகவே நீங்கள் கமிட்டியில் இருந்தால், ஆர்டர் கொடுக்கும் அன்றே பாதித் தொகையையும், பொருள் வந்த அன்றே மீதியையும் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

நிறுவனங்கள் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைச் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. தனியார் பள்ளிக்கோ முந்திரி ஆலைக்கோ இது கட்டாயமன்று. ஆயினும் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுக்கள் சீருடைத் தையலிலும், சிற்றுண்டியிலும், அச்சு வேலையிலும் இந்த 4 விழுக்காட்டைத் தாமாக ஏற்றுக்கொண்டாலே போதும், ஒரு தலைமுறையின் தொழில் நிமிர்ந்துவிடும்.

காகித வேலையில் துணை

பொருள் வாங்க வசதியில்லாதவர்களும் செய்யக்கூடிய உதவி இது. தொழில் செய்யத் தெரிந்தவருக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. நிரப்பத் தெரிந்த நமக்குத் தொழில் தெரியாது. உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பலகாரம் செய்து விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 14 இலக்க எண் பொட்டலத்தின் மேல் இருந்தால் பேக்கரியும் பல்பொருள் அங்காடியும் மறுக்க ஒரு காரணம் குறையும். கடனுக்கு, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் நிறைந்த மாவட்டம் இது. ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை ஒரு திட்ட அறிக்கையை எழுதிக் கொடுத்து, வங்கி மேலாளரைப் பார்க்கவும் உடன் போனால், அந்த மேசையின் எதிரே உட்காரும் நாற்காலி உடனே கிடைக்கும். தனியாகப் போனால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதைப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சொல்லிப் பரப்புவதும் கொண்டாடுவதும்

நல்ல கடையைப் பற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள், கூகுள் வரைபடத்தில் இடத்தைச் சேர்த்து மதிப்புரை எழுதுங்கள், படம் போடுங்கள். ஆனால் உரிமையாளரின் சாதியையோ பட்டத்தையோ ‘ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த’ என்ற அடைமொழியையோ அவருடைய அனுமதியின்றிச் சேர்க்காதீர்கள். சிலர் அம்பேத்கர் படத்தை மாட்டிப் பெருமையாகத் தொழில் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி அப்படியே எழுதலாம். சிலர் தம் பொருளின் பெயரால் மட்டும் அறியப்பட விரும்புகிறார்கள், அது கோழைத்தனமாகாது. யாராவது உங்களிடம் “ஆளு யாரு?” என்று கேட்டால், “முந்திரிக்கொத்து பதமாகச் செய்கிறவர்” என்று விடை சொன்னால் போதும்.

கொண்டாட்டத்துக்கு நம் நாள்காட்டியில் பஞ்சமே இல்லை. ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் சமத்துவ நாள். மாசி 20 ஐயா வைகுண்டரின் அவதார நாள். டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியார் திருவிழா நிறைவடைகிறது. மண்டைக்காட்டுக் கொடைக்கும் சுசீந்திரம் தேருக்கும் கூடும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விழாக்களில் ஒதுக்கப்பட்டோரின் தொழில்களுக்கென்று தனிச் சந்தை போடுவதைவிட, இருக்கும் கடை வரிசையிலேயே அவர்களுக்கு நல்ல இடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பது சிறந்தது என்பது என் எண்ணம். தனிச் சந்தை நன்றாகத்தான் தொடங்கும். நாளடைவில் அதுவும் ஒரு தனித் தெரு ஆகிவிடும். நமக்குத் தனித் தெருக்கள் போதும். கடையை ஒதுக்கும்போது இடத்தைப் பாருங்கள். சுய உதவிக் குழுக்களின் மேசையைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் போட்டு வைத்த விழாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறையும் தகராறும்

பொருளில் குறை இருந்தால் உரிமையாளரிடம் தனியாக, அன்றே, தெளிவாகச் சொல்லுங்கள். ஆதரவு என்ற பெயரில் சிக்குப் பிடித்த முறுக்கை மென்று விழுங்கிவிட்டு அடுத்த மாதம் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போவது அவருக்குச் செய்யும் துரோகம். மற்றக் கடைக்காரருக்கு எத்தனை முறை பொறுப்போமோ அத்தனை முறை இவருக்கும் பொறுக்க வேண்டும். ஒருவருடைய பிழையை அவருடைய சமூகத்தின் பிழையாகப் பேசுகிறவரை அங்கேயே தடுக்க வேண்டும்.

சில சமயம் காரியம் பிழையோடு நிற்பதில்லை. இன்னாருடைய கடையில் வாங்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வதும், பால் எடுக்க மறுக்குமாறு வீடு வீடாகச் சொல்லி வைப்பதும், கடைக்கு வாடகைக்கு இடம் தர விடாமல் தடுப்பதும் இன்றும் நடப்பவை. பட்டியலினத்தவர் மீதோ பழங்குடியினர் மீதோ சமூகப் புறக்கணிப்பையோ பொருளாதாரப் புறக்கணிப்பையோ திணிப்பதும், திணிப்பதாக மிரட்டுவதும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சேர்த்தது. அரசமைப்பின் 15-ஆம் பிரிவு எல்லாருக்கும் கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் நுழையும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒருவருடைய உணவகத்துக்குள் மற்றவர்கள் நுழைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. ஆனால் நுழையாதே என்று ஊர் கட்டளையிட்டால் சட்டம் தலையிடும். நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். இதில் முடிவு பாதிக்கப்பட்டவருடையது. மனுக் கொடுத்தபின் அதே தெருவில் நாளையும் கடை திறக்க வேண்டியவர் அவர்தான். சாட்சி சொல்வேன் என்று சொல்லியிருந்தால் சொல்லுங்கள். அதற்கு முன், கட்டளை போட்ட மறுநாள் காலையில் அந்தக் கடைக்குப் போய் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள்.

எங்கள் நூலகத்தின் ஆண்டு விழா சென்ற மாதமும் நடந்தது. பலகாரத்துக்கு யாரை அமர்த்துவது என்ற பேச்சு கூட்டத்தில் எழவில்லை. செயலாளரே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆளுக்கு இரண்டு முந்திரிக்கொத்தா மூன்றா என்பதில்தான் முக்கால் மணி நேரம் தகராறு. அதற்குள் அவர் அந்த வாரம் வேறு இரண்டு கல்யாண வீட்டு வேலைகளை ஒப்புக்கொண்டிருந்தார். இருநூறுக்கு மேல் செய்து தர முடியாது, வேண்டுமானால் மீதியை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.